‘ஃபேட்டல்’ என்ற ஆங்கிலப் பெயரடையைத் தமிழில் எப்படி எழுதுவது?

வைகைக்கரை எழுதியது:

ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில், ஆங்கிலத்தில் வரும் செய்திகளைத் தமிழாக்கும் பணியில் இருக்கிறேன். எங்கள் மேசையில் மிகுதியாகத் தவறிப்போகும் சொற்களில் ஒன்று ‘ஃபேட்டல்’. விபத்தில் ஒருவருக்கு ‘ஃபேட்டல் இன்ஜுரீஸ்’ ஏற்பட்டதாக ஆங்கிலச் செய்தி சொன்னால், தமிழில் அது ‘உயிருக்கு ஆபத்தான காயமடைந்தார்’ என்று மாறுகிறது. சில வேளைகளில் ‘படுகாயமடைந்தார்’ என்றே நின்றுவிடுகிறது. ஆங்கிலத்தில் படித்தவருக்கு அவர் இறந்துவிட்டார் என்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும். தமிழில் படிப்பவரோ, அவர் ஏதோ ஒரு மருத்துவமனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்வார். இறந்தவரின் ஊர்க்காரர்களும் உறவினர்களும் படிக்கும் செய்தி இது என்பதால், இதைச் சிறு பிழையாக ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

அகராதிகளைப் பார்த்தால் ‘ஃபேட்டல்’, ‘லீதல்’, ‘டெட்லி’, ‘மார்ட்டல்’ ஆகிய நான்குக்கும் ஏறத்தாழ ஒரே பொருள்தான் தரப்பட்டிருக்கிறது: சாவு விளைக்கிற, உயிர்கொல்லும், கொடிய. இந்த நான்கும் ஆங்கிலத்தில் ஒன்றுக்கொன்று மாற்றாக வருகின்றனவா? இல்லையென்றால் அந்த வேறுபாட்டைத் தமிழில் எப்படிக் காட்டுவது?

நெய்தல் எழுதியது:

நான்கும் ஒன்றல்ல. முதல் இரண்டையும் பிரித்துப் பார்த்தாலே பெரும்பகுதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ‘லீதல்’ என்பது ஒரு பொருளின் ஆற்றலைப் பற்றிய சொல். ‘ஃபேட்டல்’ என்பது ஒரு நிகழ்வின் முடிவைப் பற்றிய சொல். நாகப்பாம்பின் நஞ்சு, அது யாரையும் தீண்டாமல் புற்றுக்குள் இருக்கும்போதும் ‘லீதல்’தான். ஆனால் ஒரு கடி ‘ஃபேட்டல்’ என்று சொல்ல வேண்டுமானால் கடிபட்டவர் இறந்திருக்க வேண்டும். நாகமே கடித்திருந்தாலும், நஞ்சு உள்ளே இறங்காத கடியாக இருந்தாலோ, உரிய நேரத்தில் நஞ்சுமுறிவு மருந்து செலுத்தப்பட்டு அவர் பிழைத்துக்கொண்டாலோ, அந்தக் கடியை ஆங்கிலம் அறிந்தவர் எவரும் ‘ஃபேட்டல்’ என்று எழுத மாட்டார்.

இந்த வேறுபாடு பயனற்ற நுணுக்கம் அல்ல என்பதற்கு வட அயர்லாந்தைச் சொல்வேன். 1970-இல் பிரிட்டிஷ் படையினர் கூட்டத்தைக் கலைப்பதற்காக அங்கே ரப்பர் தோட்டாக்களைப் பயன்படுத்தத் தொடங்கினர். பின்னர் பிளாஸ்டிக் தோட்டாக்கள் வந்தன. ‘லீதல்’ அல்லாத ஆயுதங்கள் என்ற பெயரில் வந்த இவற்றால் அங்கு 17 பேர் இறந்தனர். அவர்களில் சிறுவர்களும் உண்டு. கொல்வதற்கென்று செய்யப்படாத ஆயுதம், விளைவில் கொன்றுவிட்டது. இன்று அத்தகைய ஆயுதங்களை ஆங்கிலத்தில் பலரும் ‘லெஸ் லீதல்’, அதாவது கொல்லும் ஆற்றல் குறைந்தவை என்றே எழுதுவதற்கு இத்தகைய மரணங்களே காரணம்.

இனித் தமிழுக்கு வருகிறேன். ஆங்கிலப் பெயரடைக்குக் காலம் கிடையாது. ஆகவே அம்மொழி, ஆற்றலுக்கு ஒரு சொல்லும் முடிவுக்கு ஒரு சொல்லும் வைத்துக்கொண்டு சமாளிக்கிறது. தமிழின் பெயரெச்சமோ காலத்தைத் தன்னுள்ளேயே கொண்டிருக்கிறது. உயிரைப் பறித்த விபத்து, உயிரைப் பறிக்கும் நோய், உயிரைப் பறிக்கக்கூடிய நஞ்சு என்ற மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். முதலாவது, நடந்து முடிந்த ‘ஃபேட்டல்’. இரண்டாவது, நோயின் இயல்பான போக்கைச் சொல்லும் ‘ஃபேட்டல்’. மூன்றாவது ‘லீதல்’. ஒரே வினையைக் காலம் மாற்றி எழுதினாலே போதுமாயிருக்கும்போது, நான்கு ஆங்கிலச் சொற்களுக்கும் நான்கு தமிழ்ப் பெயரடைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. உங்கள் விபத்துச் செய்தியில் பெயரடையே வேண்டாம். ‘பலத்த காயமடைந்து உயிரிழந்தார்’ என்று வினைமுற்றில் முடித்துவிடலாம்.

இலஞ்சி எழுதியது:

நெய்தல் அவர்கள் சொன்ன வேறுபாட்டுக்கு வேரிலேயே ஒரு காரணம் இருக்கிறது. ‘ஃபேட்டல்’ என்பதன் மூலம் இலத்தீனில் உள்ள ‘ஃபாட்டும்’. சொல்லப்பட்டது, உரைக்கப்பட்டது என்று அதற்குப் பொருள். தெய்வ வாக்காக உரைக்கப்பட்டுவிட்டது, இனி மாறாது என்ற பொருளில்தான் அது ஊழைக் குறிக்கத் தொடங்கியது. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது, ‘ஃபேட்டல்’ என்றால் ஊழால் விதிக்கப்பட்டது என்றே பொருள். சாவை விளைவித்தது என்ற பொருள் பின்னால் வந்து சேர்ந்தது. முடிவை நோக்கும் சொல்லாக அது இன்றும் இருப்பதற்கு இந்தப் பிறப்பே காரணம் என்று நினைக்கிறேன். ‘லீதல்’ என்பதோ இலத்தீனில் சாவைக் குறித்த ‘லேட்டும்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. கிரேக்கப் புராணத்தில் மறதியைத் தரும் ‘லேத்தே’ ஆற்றின் பெயரோடு அதைத் தொடர்புபடுத்திக்கொண்டதால், மூலத்தில் இல்லாத ஓர் எழுத்தும் அதன் எழுத்துக்கூட்டலில் நுழைந்துவிட்டது.

நம்மிடம் இதற்கு ஒப்பான சொல் ‘விதி’. கட்டளை, ஒழுங்கு என்ற பொருளும் ஊழ் என்ற பொருளும் அந்த ஒரே சொல்லில் இருக்கின்றன. சாலை விதி என்றும் தலைவிதி என்றும் தயக்கமின்றிச் சொல்கிறோம். ஆனால் விதியிலிருந்து சாவைக் குறிக்கும் பெயரடை ஒன்றும் தமிழில் தோன்றவில்லை. ‘விதி முடிந்தது’ என்று வழக்கில் சொல்கிறோம், அவ்வளவுதான்.

உயிரிழப்பு இல்லாத இடங்களில் வரும் ‘ஃபேட்டல் மிஸ்டேக்’ போன்றவற்றுக்கு என் பரிந்துரை ‘வினையாய் முடிந்த தவறு’ என்பது. விளையாட்டு வினையாயிற்று என்று நாம் சொல்லும்போது, தொடங்கியவர் எண்ணாத கேடு வந்து சேர்ந்தது என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள் தானாகவே வந்துவிடுகிறது. ‘மரணத் தவறு’, ‘கொடிய தவறு’ என்று எழுதுவதில் அது வருவதில்லை.

மருதம் எழுதியது:

நான் பொது மருத்துவர். எங்கள் துறையில் இந்தச் சொல் தவறாகப் பெயர்க்கப்படுவதால் மக்களுக்கு நேரும் துன்பத்தைக் கண்டிருப்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

‘கேஸ் ஃபேட்டாலிட்டி ரேட்’, ‘மார்ட்டாலிட்டி ரேட்’ என்று இரண்டு அளவுகள் இருக்கின்றன. தமிழில் இரண்டையுமே ‘இறப்பு விகிதம்’ என்று எழுதிவிடுகிறார்கள். முதலாவது, அந்த நோய் கண்டவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது. இரண்டாவது, மொத்த மக்கள்தொகையில் குறிப்பிட்ட காலத்தில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது. 2002–2003-இல் பரவிய சார்ஸ் நோய் 8,098 பேருக்கு வந்தது. அவர்களில் 774 பேர் இறந்தனர். நோய் கண்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இறந்தார் என்றால், அது மிகக் கடுமையான அளவு. கோவிட் நோயில் இந்த அளவு அதைவிட மிகக் குறைவு. ஆனால் உலக நாடுகள் முறைப்படி அறிவித்த கோவிட் இறப்புகளே 70 லட்சத்தைத் தாண்டிவிட்டன. பரவல் அத்தனை பெரிது. எது ‘அதிக இறப்பு விகிதம்’ கொண்ட நோய் என்று கேட்டால், எந்த அளவைக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. ‘நோயுற்றோரில் இறப்பு விகிதம்’, ‘மக்கள்தொகையில் இறப்பு விகிதம்’ என்று இரண்டையும் பிரித்து எழுதினால் போதும். கடினமான புதுச் சொல் எதையும் படைக்க வேண்டியதில்லை.

அடுத்தது ரேபிஸ். அது ‘ஃபேட்டல்’ நோய் என்று ஆங்கில நூல்கள் சொல்வது முற்றிலும் சரி. நோய்க்குறிகள் தோன்றியபின் பிழைத்தவர்கள் உலகிலேயே மிகச் சிலர்தான். ஆனால் அதை ‘நாய் கடித்தால் மரணம்’ என்ற அளவுக்குச் சுருக்கி எழுதுவது பெருங்கேடு. காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு நன்கு கழுவி, தடுப்பூசியைத் தவறாமல் முழுமையாகப் போட்டுக்கொண்டு, தேவைப்பட்டால் இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்புப் புரத ஊசியும் பெற்றுக்கொண்டால் நோய் வராமலேயே தடுத்துவிடலாம். ஆகவே ‘ஃபேட்டல்’ எந்தக் கட்டத்துக்குப் பொருந்துகிறது என்பதைத் தமிழில் வெளிப்படையாகவே எழுத வேண்டும்: நோய்க்குறிகள் தோன்றிவிட்டால் ஏறத்தாழ எப்போதும் மரணத்தில்தான் முடியும், அதற்கு முன்னால் தடுக்க முடியும்.

‘உயிர்க்கொல்லி நோய்’ என்ற தொடரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எய்ட்ஸ் நோய்க்கு அந்த அடைமொழியைச் சேர்த்தே ஒரு காலத்தில் எழுதினார்கள். மருந்துகள் கிட்டாத அந்த நாட்களில் அதற்கு ஒரு நியாயம் இருந்திருக்கலாம். கூட்டு மருந்துச் சிகிச்சை 1996-இல் பரவலானபின் நிலைமை மாறியது, இன்று எச்.ஐ.வி. தொற்றை முன்கூட்டியே கண்டறிந்து மருந்தை விடாமல் உட்கொள்பவர்கள் மற்றவர்களைப் போலவே நெடுங்காலம் வாழ்கிறார்கள். அடைமொழி மட்டும் அப்படியே தங்கிவிட்டது. ‘எனக்கு உயிர்க்கொல்லி நோய் வந்துவிட்டது, இனி மருந்தால் என்ன பயன்’ என்ற எண்ணத்தோடு சிகிச்சைக்கு வரத் தயங்குபவர்களிடம் பேசியிருக்கிறேன். அந்தச் சொல் அவர்களுக்குச் செய்த தீங்கு சிறிதல்ல. எழுதுகிறவர்கள் அதைக் கைவிட வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

பாலைநில வாசகர் எழுதியது:

நெய்தல் அவர்களின் கருத்தை முழுமையாக ஏற்க முடியவில்லை. தலைப்புக்கு இடம் குறைவு; எல்லாவற்றையும் வினையாக விரித்து எழுத முடியாது. தமிழில் நல்ல பெயரடைகளே இல்லை என்பதும் சரியன்று. கிறித்தவத் தமிழில் ‘மார்ட்டல் சின்’ என்பதைச் ‘சாவான பாவம்’ என்று கத்தோலிக்கர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். தமிழ் விவிலியத்தில் ‘மரணத்துக்கு ஏதுவான பாவம்’ என்ற தொடர் இருக்கிறது. ‘கொல்லி’ என்ற ஈறோ மிகப் பழையது. சினத்தைச் ‘சேர்ந்தாரைக் கொல்லி’ என்கிறது குறள். இத்தனை வளம் இருக்கும்போது எதற்காக ஒதுங்க வேண்டும்?

நெய்தல் எழுதியது:

பாலைநில வாசகர் எடுத்துக்காட்டிய தொடர்கள் எல்லாமே நல்லவை. அவற்றை இழக்கக் கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் அவை எந்தப் பக்கத்தில் நிற்கின்றன என்று பாருங்கள். ‘சேர்ந்தாரைக் கொல்லி’ என்பது, குறள் சினத்துக்கு ஒப்பாகச் சொல்லும் நெருப்பின் இயல்பைக் காட்டும் பெயர்; எந்த நாளில் யார் இறந்தார் என்று அது சொல்லவில்லை. பூச்சிக்கொல்லியும் அப்படியே, கடையில் குப்பிக்குள் இருக்கும்போதும் அது பூச்சிக்கொல்லிதான். ‘கொல்லி’ ஆற்றலைச் சொல்வது, ஆகவே அது ‘லீதல்’ பக்கம். ‘மரணத்துக்கு ஏதுவான’ என்பதும் காரணமாகக்கூடியது என்றே பொருள்படுகிறது. இவற்றை நஞ்சுக்கும் ஆயுதத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். நடந்து முடிந்த விபத்தை ‘உயிர்க்கொல்லி விபத்து’ என்று எழுதுவதைத்தான் ஏற்க முடியவில்லை. தலைப்புக்கு இடம் வேண்டுமென்றால், ‘விபத்தில் மூவர் உயிரிழப்பு’ என்ற மூன்று சொற்களில் எல்லாம் அடங்கிவிடுகிறதே.

வைகைக்கரை எழுதியது:

இன்னொரு ஐயம். முடிவைச் சொல்வதுதான் ‘ஃபேட்டல்’ என்றால், இரசாயனக் குப்பிகளின் மேல் ‘ஃபேட்டல் இஃப் ஸ்வாலோட்’ என்று எழுதியிருக்கிறார்களே? அங்கே யாரும் இன்னும் இறக்கவில்லை அல்லவா?

கரிசல்காடு எழுதியது:

வேளாண் துறையில் பணியாற்றியவன் என்ற முறையில் இதற்கு விடை சொல்ல முயல்கிறேன். அந்தத் தொடரில் ‘இஃப்’ இருப்பதைக் கவனியுங்கள். நிபந்தனை நிறைவேறினால் வரும் முடிவைத்தான் அங்கும் அந்தச் சொல் சுட்டுகிறது. உலகளாவிய இரசாயன எச்சரிக்கை முறையில் இவ்வாசகங்கள் படிப்படியாகத் தரம் பிரிக்கப்பட்டவை: மிகக் கொடிய நஞ்சுகளுக்கு ‘ஃபேட்டல்’, அதற்கு அடுத்த நிலைக்கு ‘டாக்ஸிக்’, அதற்கும் கீழே ‘ஹார்ம்ஃபுல்’. மூன்றையும் தமிழில் ‘ஆபத்தானது’ என்று எழுதினால் அந்தத் தரவரிசையே அழிந்துவிடும். ‘விழுங்கினால் உயிர்போகும்’, ‘விழுங்கினால் நஞ்சாகும்’, ‘விழுங்கினால் உடலுக்குக் கேடு’ என்று எழுதலாம்.

நம் நாட்டுப் பூச்சிமருந்துக் குப்பிகளில் உள்ள வண்ண முக்கோணமும் இதே அடிப்படையில் அமைந்ததுதான். 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளின்படி சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நான்கு நிறங்கள் உண்டு. சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவு எது என்று பார்த்து நச்சுத்தன்மையை அளக்கும் முறையை ட்ரெவன் என்ற அறிவியலாளர் 1927-இல் வகுத்தார். அந்த அளவை வைத்தே இந்த நிறங்கள் முடிவாகின்றன. அதற்கு ஆங்கிலத்தில் ‘லீதல் டோஸ்’ என்றுதான் பெயர். ஒரு தனி மனிதருக்கு நேர்ந்த முடிவை அது சொல்லவில்லை, பொருளின் ஆற்றலைச் சொல்கிறது. எனவே நெய்தல் அவர்கள் சொன்ன பிரிவோடு ஒத்துப்போகிறது. எழுத்தறியாத உழவரும் சிவப்பு முக்கோணத்தையும் மண்டையோட்டையும் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு இது. குப்பியில் உள்ள தமிழ் வாசகமும் அந்த அளவுக்குத் தெளிவாக இருக்க வேண்டாமா?

பொருநை எழுதியது:

சட்டத் துறையிலிருந்து சில செய்திகள். ‘ஃபேட்டல் ஆக்சிடென்ட்ஸ் ஆக்ட்’ என்ற பெயரிலேயே 1855-இல் இயற்றப்பட்ட இந்தியச் சட்டம் ஒன்று உண்டு. அதற்கு முன்மாதிரி, லார்டு கேம்பெல் சட்டம் என்று வழங்கும் 1846-ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்டம். அதற்கு முன்னால் இங்கிலாந்துப் பொதுச் சட்டத்தில் ஒரு கொடுமை இருந்தது: பிறர் கவனக்குறைவால் ஒருவர் காயமடைந்தால் அவர் இழப்பீடு கேட்கலாம், அவர் இறந்துவிட்டாலோ, அவரை நம்பி வாழ்ந்த மனைவி மக்கள் எதுவும் கேட்க முடியாது. 1808-இல் ஓர் ஆங்கிலேய நீதிமன்றம் இதைத் தெளிவாகவே தீர்ப்பாகச் சொல்லிவிட்டது. இரயில் பெருகி விபத்துகளும் பெருகிய காலத்தில்தான் அந்த நிலை மாறியது. அச்சட்டத்தின் பெயரில் உள்ள ‘ஃபேட்டல்’, ஒருவர் இறந்துவிட்டார் என்ற உண்மையிலிருந்தே குடும்பத்தாரின் உரிமை பிறக்கிறது என்பதைக் காட்டுகிறது. மோட்டார் வாகன விபத்துகளுக்கு இன்று 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனித் தீர்ப்பாயங்கள் இருந்தாலும், மின்சாரம் தாக்கி இறந்தவர்களின் வழக்குகள் போன்றவற்றில் 1855-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் எடுத்தாளப்படுகிறது.

புள்ளிவிவரங்களைத் தமிழாக்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் நடந்த சாலை விபத்துகள் 4,61,312. அவற்றில் ‘ஃபேட்டல் ஆக்சிடென்ட்ஸ்’ 1,55,781. இறந்தவர்கள் 1,68,491 பேர். நடு எண் விபத்துகளைக் கணக்கிடுகிறது, கடைசி எண் மனிதர்களைக் கணக்கிடுகிறது. ஒரே விபத்தில் பலர் இறப்பதால்தான் இந்த வேறுபாடு. நடு எண்ணை எடுத்து ‘விபத்துகளில் 1,55,781 பேர் உயிரிழந்தனர்’ என்று எழுதினால், பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மரணம் ஒரு சொற்பிழையில் மறைந்துபோகும். ‘உயிரிழப்பு நேர்ந்த விபத்துகள்’ என்று எழுதுவதே சரி.

தீர்ப்புகளில் வரும் வேறொரு பயன்பாடும் உண்டு. முதல் தகவல் அறிக்கை தாமதமானது மட்டுமே அரசுத் தரப்புக்கு ‘ஃபேட்டல்’ ஆகிவிடாது என்று நம் நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. இங்கே சாவு எதுவும் இல்லை. ‘அத்தாமதம் ஒன்றே வழக்கைக் குலைத்துவிடாது’ என்று எழுதினால் போதும். ‘மரண அடியாகாது’ என்று எழுதியதை ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தபோது வருத்தமாக இருந்தது, ஏனெனில் அது கொலை வழக்கு.

நிரல்மொழி எழுதியது:

மென்பொருளில் ‘ஃபேட்டல் எரர்’ என்றால், நிரல் அதற்குமேல் ஓட முடியாமல் நின்றுவிட்டது என்று பொருள். நிரல் இயங்கும்போது நடப்பவற்றைக் குறித்துவைக்கும் பதிவேட்டில் பிழைகளைத் தரம் பிரிக்கும்போது ‘எரர்’ என்பதற்கு மேலே உள்ள நிலையாக ‘ஃபேட்டல்’ வைக்கப்படுகிறது. ‘எரர்’ வந்தாலும் நிரல் தொடர்ந்து இயங்கக்கூடும். ‘ஃபேட்டல்’ வந்தால் இயங்காது. ஆகவே ‘அபாயகரமான பிழை’ என்ற மொழிபெயர்ப்பு, கணினிக்கே ஏதோ கேடு வந்துவிட்டது என்ற வீண் அச்சத்தைத்தான் தரும். ‘நிரலை நிறுத்திய பிழை’ என்று எழுதலாம். இதிலும் இறந்தகாலப் பெயரெச்சமே பொருந்தி வருகிறது.

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. எங்கள் மேசையில் அடிக்கடி வரும் தொடர்களை இப்படி எழுதிப் பார்த்திருக்கிறேன். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள். ‘ஃபேட்டல் இன்ஜுரீஸ்’ வந்தால் ‘காயமடைந்து உயிரிழந்தார்’. ‘நியர் ஃபேட்டல்’ வந்தால் ‘உயிர்போகும் நிலைக்குச் சென்று பிழைத்தார்’. ‘உயிருக்கு ஆபத்தான நிலை’ என்பதை, மருத்துவர்கள் ‘கிரிட்டிக்கல்’ என்று சொல்லும்போது மட்டும். ‘ஃபேட்டல் ஷூட்டிங்’, ‘ஃபேட்டல் ஸ்டாபிங்’ ஆகியவற்றுக்குச் ‘சுட்டுக்கொலை’, ‘கத்தியால் குத்திக் கொலை’.

பொருநை எழுதியது:

முதல் மூன்றும் சரி. கடைசியில் உள்ள ‘கொலை’யை மட்டும் மாற்றிவிடுங்கள். ‘ஃபேட்டல்’ என்ற சொல் இறப்பைச் சொல்கிறதே தவிர, அது எந்தக் குற்றம் என்று சொல்வதில்லை. சுட்டவர் தற்காப்புக்காகச் சுட்டிருக்கலாம், துப்பாக்கி தவறுதலாக வெடித்திருக்கலாம், அல்லது அது கொலையாகாத மரணம் விளைவித்தல் என்று நீதிமன்றம் முடிவு செய்யலாம். ஆங்கிலச் செய்தியாளர்கள் ‘மர்டர்’ என்று எழுதாமல் ‘ஃபேட்டல்’ என்ற சொல்லைத் தேர்ந்தெடுப்பதே பெரும்பாலும் இந்தக் கவனத்தால்தான். விசாரணை நடக்கும்போதே ‘கொலை’ என்று அச்சிட்டால், குற்றம் மெய்ப்பிக்கப்படாத ஒருவரை நாம் கொலையாளி ஆக்கிவிடுகிறோம். ‘துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்’, ‘கத்திக்குத்தில் உயிரிழந்தார்’ என்று எழுதுங்கள். தீர்ப்பு வந்தபின் அதில் உள்ள சொல்லை அப்படியே பயன்படுத்தலாம்.

வைகைக்கரை எழுதியது:

மாற்றிவிட்டேன், ஐயா. இந்தப் பட்டியலை நாளை எங்கள் செய்தி ஆசிரியரிடம் கொடுக்கிறேன். சாலை விபத்துக் கணக்குகளை எழுதும் நிருபர்களுக்காக, பொருநை அவர்கள் சொன்ன ‘உயிரிழப்பு நேர்ந்த விபத்துகள்’ என்ற தொடரையும் அதன் தலையில் சேர்த்திருக்கிறேன்.